அம்மாவுக்காக ஒரு பத்துமலைப் பயணம்

பத்துமலைக்குப் போகாதவர் நம்மில் யார் இருக்கிறீர்கள்? பிள்ளைக்கு மொட்டை அடிக்கப் போயிருப்பீர்கள்; காவடி தூக்கியிருப்பீர்கள்; ஒன்றுமில்லாவிட்டாலும் தோட்டத்து லோரியில் கூட்டத்தோடு கூட்டமாய் ஏறி, விடிய விடியப் படிக்கட்டில் நின்றுவிட்டு வந்திருப்பீர்கள். ஆகவே பத்துமலைக்கு வழி சொல்ல நான் வரவில்லை. பத்துமலையை வீட்டுக்குக் கொண்டு வருவது எப்படி என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேமராவில்தான்! ஏற முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண் குளிரப் பார்க்கும்படி கொண்டு வர வேண்டும். அதில் நான் ஒரு முறை தோற்றேன். மறுமுறை எப்படியோ ஒப்பேற்றினேன்.

என் தாயாருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். காண்டா தூக்கித் தூக்கியோ என்னவோ, இரண்டு முழங்காலும் போய்விட்டன. மலை ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா மேலே ஏறி ஏழு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தக் கதையை மட்டும் சொல்லத் தவறுவதில்லை: நான் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது, கரும்புத் தொட்டிலில் என்னைப் போட்டு, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலுமாகச் சுமந்துகொண்டு 272 படியும் ஏறினார்களாம். “நீ ஒரு சத்தம் போடல. தொட்டில் ஆடவே இல்ல, பாத்துக்க,” என்பார். அந்தப் பெருமை அவருக்கு.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. “குகைக்குள்ள போயி, பின்னால இன்னும் கொஞ்சம் படி ஏறினா, மேல ஒரு பெரிய ஓட்டை இருக்குமே. அதுல இருந்து வெளிச்சம் விழும். அதை ஒரு தடவை பார்த்தாப் போதும்யா.”

2023 தீபாவளிக்கு என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். அவர் இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே படம் பிடிக்கிறார். அதனால் தம் பழைய கேம்கோர்டரை எனக்குக் கொடுத்துவிட்டார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பக்கத்தில் ஒரு வார் இருக்கிறது. கையை நுழைத்துப் பிடித்துக்கொள்ளலாம். “இதுல ஸ்டெபிலைசர் இருக்கு மாப்பிள்ளை. கை ஆடினாலும் படம் ஆடாது. ஓடிக்கிட்டே எடுக்கலாம்,” என்றார். பெரியவர் சொல்லை நம்பினேன். நம்பியது என் பிழை.

2024 ஜனவரி 25, தைப்பூசம். நானும் போனேன். என்ன கூட்டம், என்ன கூட்டம்! கேமராவைத் தலைக்கு மேலே ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் மயில்தோகைக் காவடி தெரிந்தால் ஜூமை முழுதாக இழுத்தேன். மேளம் அடித்தால் அந்தப் பக்கம் திரும்பினேன். “வேல் வேல்” என்றால் இந்தப் பக்கம் திரும்பினேன். படியில் ஏறிக்கொண்டே எடுத்தேன். குகைக்குள் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி தீர்ந்துவிட்டது. அம்மா கேட்ட அந்த வெளிச்சம் கிடைக்கவே இல்லை.

மறுநாள் மாலை தொலைக்காட்சிப் பெட்டியில் கேமராவை மாட்டினேன். பக்கத்து வீட்டு அக்காள், எதிர்வீட்டுத் தாத்தா எல்லாரும் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். காவடி குதிக்கிறது, மலை குதிக்கிறது, முருகன் சிலையே குதிக்கிறது! அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“நிறுத்துய்யா. எங்கம்மா ரஜுலா கப்பல்ல வந்தப்ப இப்படித்தான் தலை சுத்தி வாந்தி எடுத்துச்சாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு தூக்கம் வரவில்லை. அம்மா திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது மனத்தை விட்டுப் போகவில்லை.

வகுப்பில் ஒரு மாணவன் கணக்கில் தவறு செய்தால், எந்த வரியில் தவறினான் என்று தேடச் சொல்வது என் வழக்கம். அதையே எனக்கும் செய்துகொண்டேன். அந்த ஸ்டெபிலைசர் உண்மையில் என்னதான் செய்கிறது?

அதற்குள் சின்னஞ்சிறு உணர்கருவி ஒன்று இருக்கிறது. கேமரா மேலும் கீழும் சாய்ந்தாலோ, பக்கவாட்டில் திரும்பினாலோ அது உடனே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் லென்சுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடித் துண்டை எதிர்த்திசையில் நகர்த்திவிடும். கண் இமைப்பதற்குள் பல தடவை இது நடக்கிறது. ஆகவே கைநடுக்கம் படத்தில் தெரியாது. சில கேமராக்களில் கண்ணாடி நகர்வதில்லை. அவை படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டி வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை நகர்த்திச் சரிசெய்கின்றன. அப்படிச் செய்யும்போது காட்சி கொஞ்சம் நெருங்கிவிடும். என்னுடையதில் இரண்டும் உண்டு.

இப்போது கவனியுங்கள். இந்தக் கருவி முக்கியமாகப் பார்த்துக்கொள்வது கையின் சிறு நடுக்கத்தை. நாம் நடக்கும்போது உடம்பு முழுவதும் அடிக்கு அடி ஏறி இறங்குகிறதே, அதை இந்தச் சின்னக் கண்ணாடி என்ன செய்ய முடியும்? சாய்வை நேராக்கும், குதிப்பை நிறுத்தாது. ஜூம் இழுத்தால் காட்சி பெரிதாவதுபோல ஆட்டமும் பெரிதாகும். இன்னொன்று: நாம் கேமராவைத் திருப்பத் தொடங்கும்போது, அது வேண்டுமென்று திருப்புவதா, கை ஆடுவதா என்று கருவிக்குத் தெரியாது. முதலில் பிடித்து நிறுத்தப் பார்க்கும், பிறகு விட்டுவிடும். படம் வெடுக்கென்று தாவும். நான் செய்த மூன்று தவறும் இவைதாம்.

சரி, ஜூமை விட்டுவிடலாம், திருப்புவதைக் குறைக்கலாம். நடப்பதை என்ன செய்வது? பத்துமலையில் நடக்காமல் என்ன படம்? ஒரு சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் கேமராவும் கையுமாக முன்னும் பின்னும் நடந்து பழகிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன்யா கோழி கொத்துற மாதிரி நடக்குற?”

“வேற எப்படிம்மா நடக்குறது?”

“காண்டா தூக்கினவ மகன் கேக்குற கேள்வியா இது?”

கீரையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு எழுந்து நின்றே காட்டினார். வாசகர்களே, உங்களில் பலருக்கு இது தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால், காலடியில் மேடு பள்ளம், வேர், மழையில் வழுக்கும் மண். மங்கு மங்காகச் சேர்த்த பால் சிந்தினால் அன்றைய உழைப்பு சிந்தியது. அம்மா சொன்னது இவ்வளவுதான்: முழங்காலை விறைப்பாக வைக்காதே, கொஞ்சம் மடக்கியே வை. எட்டு சின்னதாக இருக்கட்டும். குதிகாலை முதலில் மெல்ல வைத்து, பிறகு பாதத்தை உருட்டு. இடுப்புக்குக் கீழேதான் நடை. இடுப்புக்கு மேலே சாமி சிலை மாதிரி இரு. கீழே பார்க்காதே, ஆனால் அடுத்த இரண்டு அடி எங்கே என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்.

அதோடு விட்டாரா? ஒரு வாளியில் முக்கால் வாசி தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்து, “பள்ளிக்கூடத் திடல சுத்திட்டு வா. தண்ணி எவ்வளவு இருக்குன்னு நான் பாக்குறேன்,” என்றார். நாற்பது வயதைத் தாண்டிய வாத்தியார் வாளியோடு திடலைச் சுற்றுவதை, பந்து விளையாட வந்த என் மாணவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். முதல் நாள் காற்சட்டை நனைந்தது. இரண்டு வாரம் கழித்துச் சட்டையின் நுனிகூட நனையவில்லை.

இடையில் ஒரு செய்தி. அமெரிக்காவில் கேரட் பிரௌன் என்பவர் 1970களில் ஸ்டெடிகேம் என்ற கருவியைச் செய்தார். படமெடுப்பவர் உடம்பில் ஒரு கவசம், அதிலிருந்து சுருள்வில் வைத்த ஒரு கை, அதன் நுனியில் கேமரா. ஆள் ஓடினாலும் கேமரா மிதக்கும். 1976இல் வந்த ‘ராக்கி’ படத்தில், குத்துச்சண்டைக்காரன் ஒரு கலைக்கூடத்தின் படிகளில் ஓடி ஏறும் புகழ்பெற்ற காட்சியை அதைக் கொண்டுதான் எடுத்தார்கள். அங்கே 72 படி. நமக்கு 272; சரியாக இருநூறு அதிகம்! அந்தச் சுருள்வில்லைப் பற்றிப் படித்தபோது எனக்குக் காண்டாக் கம்புதான் நினைவுக்கு வந்தது. நடக்க நடக்கக் கம்பு வளைந்து கொடுக்கும். தொங்குகிற வாளி தன் பாட்டுக்கு நிலையாக வரும். நம் பெண்கள் அதற்கு ஒரு பெயரும் வைக்காமல் சுமந்துவிட்டார்கள்.

அதே ஆண்டு பள்ளி விடுமுறையில், ஒரு புதன்கிழமை, மறுபடியும் கிளம்பினேன். கூட்டம் இல்லாத நாளாக வேண்டுமென்றே பார்த்தேன். பையில் மூன்று சாமான்: முழுதாகச் சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரி, பழைய சேலைத் துணியில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்த சின்னத் தலையணை ஒன்று, ஒரு துண்டுக் கயிறு. முக்காலியைக் கொண்டு போகவில்லை. கோயிலில் நாலு பேர் காலில் இடறும். (முக்காலியில் வைத்து எடுப்பவர்கள் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், இல்லாத ஆட்டத்தைத் தேடி அது தானாகவே படத்தை அசைக்கக்கூடும்.)

சிரம்பானிலிருந்து பத்துமலைக்கு நேராகவே மின்சார இரயில் போகிறது. பத்துமலைக்கு இந்த இரயில் 2010இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். சன்னல் வழியே கொஞ்சம் படம் எடுத்தேன். அங்கே ஒரு பாடம். சாய்ந்து கொண்டால் நிலையாக இருக்கும் என்று முழங்கையைச் சன்னல் ஓரத்தில் ஊன்றினேன்; வண்டியின் அதிர்வெல்லாம் கேமராவுக்கு வந்துவிட்டது. கையை எடுத்து, முதுகையும் சாய்க்காமல் உட்கார்ந்தபோது உடம்பே அதிர்வை வாங்கிக்கொண்டது. ஓடாத இடத்தில் சாயலாம். ஓடுகிற இடத்தில் சாயக் கூடாது.

இறங்கினால் எதிரே மலை. சுண்ணாம்புப் பாறை, அதன் முன்னால் தங்க நிறத்தில் முருகன். 2006 ஜனவரியில் திறந்த சிலை, 42.7 மீட்டர், அதாவது 140 அடி. இதை எப்படிப் படத்துக்குள் அடக்குவது? கால்களை ஒரு தோள் அகலத்துக்கு விரித்து நின்றேன். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டினேன். இடக்கையைக் கேமராவுக்கு அடியில் கொடுத்தேன். பிறகு திருவடியில் தொடங்கினேன். சரவணபவ என்ற ஆறெழுத்தை மனத்துக்குள் மிக மெதுவாக இரண்டு முறை சொல்லும்வரை அசையவில்லை. அது ஏறக்குறைய பத்து விநாடி. அதன் பின், தொடங்கியதே தெரியாதபடி மெல்ல மேலே தூக்கி, முகத்தில் நிறுத்தி, மறுபடியும் ஆறெழுத்து. கண் நின்று பார்க்க இந்த நேரம் வேண்டும். முதல் தடவை நான் எந்தக் காட்சியிலும் மூன்று விநாடிக்கு மேல் நின்றதே இல்லை.

படிகள் இப்போது வானவில் நிறத்தில் இருக்கின்றன. 2018இல் அடித்த வர்ணம். சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு, உண்மையைச் சொன்னால், பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது. 1890ஆம் ஆண்டு வாக்கில் கா. தம்புசாமிப் பிள்ளை இங்கே முருகனுக்கு இடம் கண்டபோது படியே கிடையாது. 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படி போட்டார்கள். சிமெண்டு அதற்கும் பிறகுதான்.

படி முழுவதும் எடுத்துக்கொண்டே ஏறுவது வேண்டாத வேலை. ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று, கைப்பிடிச் சுவரில் பயறுத் தலையணையை வைத்து, அதன் மேல் கேமராவை அமர்த்தி எடுத்தேன். பயறு அமுங்கிக் கொடுத்துக் கேமராவைக் குழந்தைபோலப் பிடித்துக்கொள்ளும். கீழே ஊர், தூரத்தில் கட்டடங்கள், புறாக்கள், மேலே ஏறி வரும் ஒரு பாட்டி, எல்லாம் அருமையாக வந்தன. இருநூறாவது படிக்கு அருகே பெரிய ஆண் குரங்கு ஒன்று பக்கத்தில் வந்து அமர்ந்தது. என்னைப் பார்த்தது. கேமராவைப் பார்த்தது. கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதற்குக் கேமரா எதற்கு? தலையணையைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது! அம்மாவின் சேலைத் துணியைப் பல்லால் கிழித்து, பச்சைப்பயறைச் சாவகாசமாகத் தின்றது. வெள்ளைக்காரச் சுற்றுப்பயணி ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார். என்னையும் சேர்த்து எடுத்திருப்பார்.

கடைசி இருபது படி. இதை நடந்தே எடுக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். தொட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஏறிய படி அல்லவா? ஜூமை முழுதும் அகலமாக வைத்தேன். மூச்சைச் சீராக்கினேன். முழங்காலை மடக்கி, எட்டைச் சுருக்கி, பால் வாளி கையில் இருப்பதாகவே நினைத்து ஏறினேன்.

குகைக்குள் இருட்டு. இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் மங்கல்தான். ஸ்டெபிலைசர் நம் கைக்கு உதவும். எதிரே ஓடுகிற பிள்ளையின் மங்கலுக்கு அது பொறுப்பல்ல. ஆகவே அசையாதவற்றை எடுத்தேன்: விளக்கு, பாறையில் சொட்டும் தண்ணீர், அர்ச்சனைத் தட்டு. பிறகு பின்பக்கத்துப் படிகளில் ஏறினேன். வள்ளி தெய்வானை சந்நிதி. மணி பதினொன்றரை இருக்கும். தலைக்கு மேலே மலை திறந்துகொண்டிருந்தது. அம்மா சொன்ன அதே வெளிச்சம்!

தலையணை இல்லை. பாறை நனைந்திருந்தது; சாயவும் முடியாது. கயிறுதான் மிச்சம். கேமராவின் அடியில் முக்காலிக்கு ஒரு துளை இருக்குமல்லவா? அதில் பொருந்தும் கால் அங்குலத் திருகாணியில் கயிற்றைக் கட்டி வைத்திருந்தேன். கயிற்றின் மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்தால், கயிறு விறைத்து மேல் ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். காசு செலவில்லாத முக்காலி. கைப்பேசிக்காரர்களுக்கு இந்தத் துளை கிடையாது. மற்றவை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

கயிற்றை மிதித்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன். கணக்கு வைக்கவில்லை, வீட்டில் பார்த்தபோது நாற்பது விநாடி இருந்தது.

அன்று இரவு வேறு யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவும் நானும் என் மனைவியும்தான். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிலை வந்தது, கையெடுத்துக் கும்பிட்டார். குரங்கு வந்தபோது, “அடப்பாவி, அது என் மாம்பழக் கலர் சேலை,” என்றார். கடைசி இருபது படி வந்தபோது தற்செயலாகக் கீழே பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவின் பாதங்கள் குதிகாலும் விரலுமாக மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டிருந்தன.

பிறகு வெளிச்சம். ஒரு புறா குறுக்கே பறந்து போயிற்று. அம்மா பேசவில்லை. படம் முடிந்து திரை கறுத்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதாய்யா?” என்றார்.

மறுபடியும் போட்டேன். மூன்று முறை பார்த்தார். எழுந்து படுக்கப் போனவர் கதவருகே நின்றார்.

“அடுத்த வாரம் நம்ம பழைய தோட்டத்துக்குப் போயிட்டு வா. அந்த ஆறாம் நம்பர் லயம், மாரியம்மன் கோயில், பால் கொட்டகை…”

“லயம் எங்கம்மா இருக்கு? எல்லாம் செம்பனை ஆயிப்போச்சே.”

“நான் நிறுத்து வெட்டின மேடு இருக்கும்ல? கோயில் இருக்கும்ல? அந்தப் பாதையில நடந்து எடு. மெதுவா நட.”

கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். புதிய தலையணைக்கு என் மனைவி பழைய துணி தேடிக்கொண்டிருந்தாள்.